கார்ட்டூன் முகத்தில் இல்லாதவை: வயது பார்க்காமல் இழுப்பது எப்படி, நிறுவனங்கள் தேடி வருவது ஏன்

1944-ல் ஃப்ரிட்ஸ் ஹைடர், மேரியான் சிம்மெல் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஒரு குறும்படம் தயாரித்தார்கள். திரையில் வருபவை ஒரு பெரிய முக்கோணம், ஒரு சின்ன முக்கோணம், ஒரு சின்ன வட்டம், கதவு போலத் திறந்து மூடும் பக்கம் கொண்ட ஒரு கட்டம். வடிவங்கள் நகரும், ஒன்றையொன்று முட்டும், கட்டத்துக்குள் போகும், வெளியே வரும். படம் முடிந்ததும், என்ன நடந்தது என்று பார்த்தவர்களை எழுதச் சொன்னார்கள். பெரிய முக்கோணம் ஒரு முரடன், வட்டம் பயந்து வீட்டுக்குள் ஒளிந்துகொண்டது, சின்ன முக்கோணம் துணிந்து வந்து அதைத் தப்பவைத்தது என்று ஆளுக்கொரு கதை எழுதிவிட்டார்கள். 34 பேரில் ஒரே ஒருவர்தான் முக்கோணம், வட்டம் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார்.

அந்த வடிவங்களுக்குக் கண் கிடையாது, வாய் கிடையாது, குரலும் கிடையாது. அப்படியிருந்தும் ஒன்றுக்காகப் பயந்தார்கள், இன்னொன்றின் மேல் கோபப்பட்டார்கள். ஏதாவது ஒன்று தானாக அசைவதைக் கண்டால் போதும், அதற்குள் ஒரு மனசு இருப்பதாக எடுத்துக்கொள்வது நம் இயல்பு. கார்ட்டூன் என்ற கலை இந்த இயல்பின் மேல்தான் நிற்கிறது. வரைபவர் கொஞ்சம் கொடுத்துவிட்டு நிறைய விட்டுவிடுகிறார். விட்டதைப் பார்ப்பவர் நிரப்பிக்கொள்கிறார். மூன்று வயதுக் குழந்தை தன்னிடம் உள்ளதைப் போட்டு நிரப்பும், அறுபது வயதுக்காரர் தன்னிடம் உள்ளதைப் போட்டு நிரப்புவார். எல்லா வயதினருக்கும் அது பிடிப்பதற்கும், வணிக நிறுவனங்கள் அதைத் தேடிப் போவதற்கும், அதைக் கொண்டு செய்யக்கூடிய கேடுகளுக்கும் வேர் இந்த ஒரே இடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் முகத்தைப் பார்ப்போம். ஒரு புகைப்படத்தில் உள்ள முகம் குறிப்பிட்ட ஓர் ஆளின் முகம். வயது, இனம், நிறம், அன்றைய தூக்கமின்மை வரை அதில் தெரிந்துவிடும். இரண்டு புள்ளியும் ஒரு வளைகோடும் வைத்து வரைந்த முகத்தில் இந்த விவரம் எதுவுமே இல்லை, ஆனாலும் அது முகம்தான். காமிக்ஸ் கலைஞர் ஸ்காட் மெக்லவுட் 1993-ல் இதை விரிவாக எழுதினார். முகம் எளிமையாக ஆக ஆக, அதில் பார்ப்பவர் தன்னையே வைத்துப் பார்க்கும் இடம் பெருகுகிறது என்பது அவர் வாதம். விமான இருக்கையின் முன்பையில் செருகியிருக்கும் பாதுகாப்பு அட்டையைக் கவனித்தால் இது விளங்கும். ஆக்சிஜன் முகமூடியை மாட்டும் பெண்ணும் சறுக்கில் இறங்கும் ஆணும் பெரும்பாலும் கோட்டோவியமாகவே இருப்பார்கள். புகைப்படம் வைத்தால் கண் அந்த ஆளின் சட்டைக்கும் முகச்சாயலுக்கும் போய்விடும். கோட்டோவியத்தில் செய்ய வேண்டிய வேலை மட்டும் தெரிகிறது.

ஜப்பானின் சான்ரியோ நிறுவனம் 1974-ல் உருவாக்கிய ஹலோ கிட்டிக்குப் பொதுவாக வாய் வரைவதில்லை. பார்ப்பவர் மகிழ்ச்சியாக இருந்தால் அதுவும் மகிழ்ச்சியாகத் தெரியும், வருத்தமாக இருந்தால் அதுவும் வருத்தமாகத் தெரியும் என்பது நிறுவனம் சொல்லும் விளக்கம். பள்ளிப் பென்சில் பெட்டியிலும் பெரியவர்களின் கைப்பையிலும் அதே பூனைமுகம் உறுத்தாமல் உட்கார்ந்திருப்பதற்கு, இல்லாத அந்த வாய் ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

விட்டுவிடுவதோடு வேலை முடிவதில்லை. மிஞ்சியதைப் பெரிதாக்கவும் வேண்டும். எதைப் பெரிதாக்குவது என்பதற்கு உயிரியல் ஒரு பதில் வைத்திருக்கிறது. பெரிய தலை, உயர்ந்த நெற்றி, பெரிய கண்கள், உப்பிய கன்னம், குட்டையான கைகால்: இந்தச் சேர்க்கையைக் கண்டால் பெரியவர்களுக்குக் கொஞ்சவும் காக்கவும் தோன்றுகிறது என்று 1943-ல் விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கான்ராட் லோரென்ஸ் எழுதினார். குழந்தைக்கு உள்ள இந்த அடையாளங்கள் நாய்க்குட்டிக்கும் உண்டு, கார்ட்டூனுக்கும் உண்டு. மிக்கி மவுஸை எடுத்துக்கொண்டு இதை அளந்தே பார்த்தார் உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட். 1928-ல் திரைக்கு வந்த மிக்கி, கூர்மூக்கும் ஒல்லிக் கைகாலுமாக, மற்ற விலங்குகளை இழுத்தும் திருகியும் இசைக்கருவியாக்கும் குறும்பனாக இருந்தது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அதன் தலை உடலைவிட வேகமாகப் பெரிதானது, கண் வளர்ந்தது, நெற்றி எடுப்பானது, கைகால் தடித்தது. மனிதர்கள் குழந்தையிலிருந்து பெரியவர்களாக வளர்வார்கள். மிக்கி பெரியவனிலிருந்து குழந்தையாக வளர்ந்தது. குணமும் கூடவே மென்மையானது. முன்கோபமும் அடாவடியும் 1934-ல் வந்த டொனால்ட் டக்கின் கைக்குப் போயின.

மிகைப்படுத்தலின் பலத்தை, அதே துறை ஆய்வாளரான நிகோ டின்பெர்கன் பறவைகளிடம் கண்டார். கடல்காக்கைக் குஞ்சு தாயின் மஞ்சள் அலகில் உள்ள சிவப்புப் புள்ளியைக் கொத்தித் தீனி கேட்கும். தாயின் சாயலே இல்லாத, வெள்ளைப் பட்டைகள் போட்ட ஒரு மெல்லிய சிவப்புக் குச்சியை நீட்டினால், நிஜ அலகைவிட அதை ஆவேசமாகக் கொத்தியது. தேவையான அடையாளத்தைப் பிரித்தெடுத்து ஏற்றிக் கொடுத்தால் மூளை அசலைவிட நகலுக்கு அதிகம் மயங்குகிறது. நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன் கலையின் ஈர்ப்பை விளக்க இந்தக் குஞ்சுகளை அடிக்கடி துணைக்கு அழைப்பார். கேலிச்சித்திரக்காரர் ஒரு தலைவரின் மூக்கையும் மீசையையும் ஊதிப் பெரிதாக்கும்போது இதைத்தான் செய்கிறார். தெரிந்த முகங்களை உள்ளபடி வரைந்த கோட்டோவியத்தைவிட, மிகைப்படுத்திய சித்திரத்தில் விரைவாக அடையாளம் காண்கிறோம் என்று 1980-களில் நடந்த ஆய்வுகள் காட்டின.

அசைவுக்கு வருவோம். 1949-ல் அமெரிக்க கார்ட்டூன் இயக்குநர் சக் ஜோன்ஸின் படத்தில் முதன்முதலாக வந்த வைல் இ. கயோட்டி, ரோட் ரன்னர் பறவையைத் துரத்தும், ஓநாய் போன்ற ஒரு விலங்கு. அது மலைவிளிம்பைத் தாண்டி ஓடும் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். தரை முடிந்த பிறகும் அது ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு வேகம் குறையும். ஏதோ சரியில்லை என்று உணர்ந்தாற்போல் நிற்கும். காலால் கீழே துழாவும். குனிந்து பார்க்கும். நிமிர்ந்து நம்மை ஒரு பார்வை பார்க்கும். அதன் பிறகுதான் விழும். புவியீர்ப்பு அதுவரை காத்திருக்கிறது! நான்கு வயதுக் குழந்தை விழுந்ததைப் பார்த்துச் சிரிக்கும். பெரியவர் சிரிப்பது விழுவதற்கு முந்தைய அந்த ஒரு பார்வையைப் பார்த்து. தவறு நடந்துவிட்டது என்று தெரிந்த கணத்துக்கும் அதன் பலன் வந்து சேரும் கணத்துக்கும் இடையில் நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஒரே காட்சி இருவருக்கும் வேலை செய்கிறது, வசனம் ஒன்றுகூட இல்லாமல்.

கார்ட்டூன் குழந்தைகளுக்கானது என்ற எண்ணமே பிற்பாடு வந்ததுதான். 1930-களிலும் 40-களிலும் அமெரிக்கத் திரையரங்குகளில் முழுநீளப் படத்துக்கு முன்னால் ஓடிய குறும்படங்களை எல்லா வயதினரும் சேர்ந்தே பார்த்தார்கள். எடுத்தவர்களும் தங்களைச் சிரிக்கவைப்பதையே எடுத்தார்கள். தொலைக்காட்சி வந்த பிறகு, 1960-களில் சனிக்கிழமைக் காலை நேரம் கார்ட்டூனுக்கு ஒதுக்கப்பட்டது. அந்த நேரத்தில் விளம்பரம் வாங்கியவர்கள் பொம்மை விற்பவர்களும் காலை உணவு விற்பவர்களும். ஒரு கலைவடிவத்துக்கு வயது வரம்பு போட்டது விளம்பர நேரத்தின் கணக்கு. ஜப்பானில் அப்படி ஒரே வயதோடு சுருங்கிவிடவில்லை. ரோபோ பூனையின் கதையான 'டோரேமான்' 1970-ஆம் ஆண்டின் ஜனவரி இதழ்களில், மழலையர் முதல் நான்காம் வகுப்பு வரை தனித்தனியாக வந்த ஆறு சிறுவர் பத்திரிகைகளில் ஒரே நேரத்தில் தொடங்கியது. ஒவ்வொரு வயதுக்கும் வேறு வேறு அத்தியாயம் வரைந்தார்கள். பூனை ஒன்றுதான், மழலையருக்கு எளிய விளையாட்டு, பெரிய பிள்ளைகளுக்குச் சற்றுச் சிக்கலான கதை. ஷின்-சான் 1990-ல் முதலில் வெளியானதே பெரியவர்களுக்கான பத்திரிகை ஒன்றில்.

நினைவின் பங்கும் இதில் உண்டு. பத்து வயதில் பார்த்த பாத்திரம் நாற்பதிலும் அதே வயதில், அதே சட்டையில் நிற்கும். நடிகர்களுக்கு முடி நரைக்கும், குரல் மாறும். அப்பாவோ அம்மாவோ ஆன பிறகு அதே பாத்திரத்தைப் பிள்ளைக்கு அறிமுகப்படுத்தும் மகிழ்ச்சியை வேறு எந்தத் திரை முகமும் இவ்வளவு சுலபமாகத் தருவதில்லை.

தத்ரூபமாக்கினால் இன்னும் பிடிக்கும் என்று நினைத்தவர்கள் அடிபட்டிருக்கிறார்கள். மனிதரை ஏறக்குறைய ஒத்து, ஆனால் முழுக்க ஒவ்வாத உருவம் ஒருவித அருவருப்பைத் தரும் என்று ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி 1970-லேயே எழுதிவிட்டார். சோனிக் என்ற வீடியோகேம் முள்ளெலியைத் திரைப்படமாக்கியபோது இது பளிச்சென்று தெரிந்தது. 2019-ல் வெளியான முதல் முன்னோட்டத்தில் சோனிக்குக்குச் சிறிய கண்களும் மனிதப் பல்வரிசையும் ஒட்டிய உடலும் இருந்தன. ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். சில நாட்களிலேயே இயக்குநர் உருவத்தை மாற்றுவதாக அறிவித்தார். 2019 நவம்பரில் வரவேண்டிய படம் 2020 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. பெரிய கண்களும் விளையாட்டில் பார்த்த முகமும் திரும்பி வந்த பிறகு அதே ரசிகர்கள் திரையரங்குக்குப் போனார்கள். நிரப்பிக்கொள்ள விட்டிருந்த இடத்தை யாரோ பல்லை வைத்து அடைத்துவிட்டதுதான் அவர்களைப் புண்படுத்தியது.

வெறுமையாக விட்ட அந்த இடம் கனமான விஷயங்களையும் தாங்கும். நிஜ மனிதரை வைத்துக் காட்டினால் கண்ணைத் திருப்பிக்கொள்ளும் ஒன்றை, வரைந்து காட்டினால் கடைசிவரை பார்க்கிறோம். மெல்போர்ன் நகர ரயில் நிறுவனம் 2012-ல் தண்டவாளப் பாதுகாப்புக்காக வெளியிட்ட விளம்பரத்தில் குண்டுகுண்டான வண்ண உருவங்கள் விதவிதமாக முட்டாள்தனம் செய்து செத்துப்போகும், கூடவே பாட்டு வேறு. சாவைப் பற்றிய அந்த எச்சரிக்கையை உலகம் முழுக்கத் தேடிப்போய்ப் பார்த்தார்கள். 1990-களில் யுனிசெஃப் உருவாக்கிய மீனா என்ற கார்ட்டூன் சிறுமி இன்னும் ஆழமாகப் போனாள். அந்தத் தொடருக்கு உயிர் கொடுத்தவர்களில் ஒருவர் இந்திய அனிமேஷன் கலைஞர் ராம் மோகன். பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதது, தட்டில் தம்பிக்குப் பெரிய பங்கும் அக்காவுக்குச் சிறிய பங்கும் போடுவது, வரதட்சிணை என்று குடும்பத்துக்குள் பேசவே தயங்கும் விஷயங்களை ஒரு சிறுமியும் அவள் கிளியும் பேசினார்கள். தெற்காசிய நாடுகள் பலவற்றிலும் ஓட வேண்டும் என்பதால், எந்த ஒரு நாட்டுக்கும் மட்டும் உரியவளாகத் தெரியாதபடி அவள் உடையையும் தோற்றத்தையும் வகுத்தார்கள். நிஜச் சிறுமி ஒருத்தியை நடிக்கவைத்திருந்தால் அவள் ஏதோ ஓர் ஊர்க்காரியாகத்தான் இருந்திருப்பாள்.

இனி நிறுவனங்கள். கார்ட்டூனும் வணிகமும் சேர்ந்தது தொலைக்காட்சிக் காலத்தில் என்று பலர் நினைக்கிறார்கள்; அது சினிமாவின் மழலைப் பருவத்திலேயே தொடங்கிவிட்டது. 1894-ல் லியோன் நகரக் கண்காட்சியில் அடுக்கி வைத்திருந்த டயர்களைப் பார்த்து, கை வைத்தால் இது ஓர் ஆள் மாதிரி இருக்குமே என்று டயர் நிறுவனம் நடத்திய மிஷ்லின் சகோதரர்களில் ஒருவருக்குத் தோன்றியது. 1898-ல் ஓ'கலோ என்ற புனைபெயரில் வரைந்துவந்த ஓவியர் அந்த டயர் மனிதனைச் சுவரொட்டியில் நிறுத்தினார். ஆணியும் உடைந்த கண்ணாடியும் நிரம்பிய கோப்பையை உயர்த்திப் பிடித்து, சாலையில் கிடப்பதையெல்லாம் குடித்துவிடுவேன் என்று அவன் சவால் விடுவான். அவன் வெள்ளையாக இருப்பதற்கும் காரணம் உண்டு: டயரில் கரித்தூள் கலந்து கறுப்பாக்கும் வழக்கம் வருவதற்கு முன், டயர்கள் வெளிர்நிறத்தில்தான் இருந்தன. டயர் கறுத்துவிட்டது, அவன் இன்னும் கறுக்கவில்லை. சுருட்டையும் மூக்குக் கண்ணாடியையும் வழியில் விட்டுவிட்டு, மிக்கியைப் போலவே அவனும் கனிவானவனாக மாறினான்.

கார்ட்டூனால் நிறுவனத்துக்குக் கிடைப்பவை பல. விளம்பரத் தூதராக நடிகரை அமர்த்தினால் ஒப்பந்தம் முடியும், வயதாகும், ஒருநாள் செய்தியில் வேண்டாத காரணத்துக்காக அடிபடுவார். வரைந்த உருவத்துக்கு இதெல்லாம் கிடையாது. மொழி தெரியாதவரும் எழுதப்படிக்கத் தெரியாதவரும் அதைப் பார்த்துப் பொருளை அடையாளம் காண்பார்கள். கைப்பேசியில் விரல்நகம் அளவுச் சதுரத்திலும் கட்டட உயரப் பலகையிலும் அதே முகம் சிதையாமல் நிற்கும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய லாபம் வேறு. நிறுவனம் என்பது சட்டப்படி ஓர் ஆள், ஆனால் முகமில்லாத ஆள். அதோடு யாரும் பேசுவதில்லை. கார்ட்டூன் வந்து நின்றதும் பேச ஒருவர் கிடைத்துவிடுகிறார். 1966 முதல் அமுல் சிறுமி தேர்தல், கிரிக்கெட், சினிமா, ஊழல் என்று எல்லாவற்றையும் விளம்பரப் பலகைகளில் கிண்டலடித்துவருகிறாள். ஒரு கூட்டுறவு அமைப்பின் அதிகாரி அதே வரியைப் பேட்டியில் சொல்லிவிட்டு மறுநாள் நிம்மதியாக அலுவலகம் போக முடியாது. புள்ளிப் பாவாடை கட்டிய அவள் சொன்னால் சிரித்துவிட்டுப் போகிறோம். அவள் முகத்தையும் கவனியுங்கள்: மூக்கே கிடையாது.

கையால் தொட முடியாததை விற்பவர்களுக்கு இது இன்னும் அவசியப்படுகிறது. காப்பீட்டு நிறுவனம் விற்பது உங்கள் சாவையும் விபத்தையும் பற்றிய ஒரு காகிதத்தை. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனமான மெட்லைஃப் 1985-ல் 'பீனட்ஸ்' காமிக்ஸ் நாயான ஸ்னூப்பியை வாடகைக்கு எடுத்துக்கொண்டது; இறுக்கமான நிறுவனம் என்ற பெயரை அந்த நாய் தளர்த்தியது. 2016-ல் பிரிந்தார்கள். முப்பது ஆண்டுகள் பணம் கட்டிய பிறகும் மக்கள் மனதில் ஸ்னூப்பி அதன் கதைக்குத்தான் சொந்தமாக இருந்தது. புகழ்பெற்ற பாத்திரத்தை வாடகைக்கு எடுப்பதில் உள்ள சிக்கல் இது. ஜப்பானின் குமாமோட்டோ மாகாணம் நேர்எதிர் வழியில் போனது. 2011-ல் அதிவேக ரயில் தடம் திறப்பதையொட்டி குமாமோன் என்ற கறுப்புக் கரடியை உருவாக்கி, அனுமதி கேட்டு விண்ணப்பிப்பவர்கள் கட்டணமில்லாமல் தங்கள் பொருள்களில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். சிவந்த கன்னமும் திகைத்த பார்வையும் கொண்ட அந்தக் கரடி, மாகாணத்தின் பெயரைக் கேள்விப்பட்டிராத நாடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

ஆனால் புதிதாகச் சின்னம் வரையும் பெரும்பாலான நிறுவனங்கள் இதில் தோற்கின்றன. காரணம் வெளிப்படையாகவே தெரிகிறது. அவர்கள் வரையும் உருவம் கட்டைவிரலை உயர்த்திச் சிரித்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். அதற்கு ஒரு ஆசை கிடையாது, ஒரு குறை கிடையாது. கயோட்டிக்குப் பசி, டொனால்டுக்கு முன்கோபம், டயர் மனிதனுக்குச் சாலையையே குடித்துவிடும் தாகம். ஹைடரும் சிம்மெலும் காட்டிய வட்டத்துக்குக்கூட ஒளிந்துகொள்ளும் தேவை இருந்தது. முகத்தில் விவரம் குறையலாம், விருப்பம் இல்லாமல் போகக்கூடாது. பெரிய கண்ணையும் உருண்டைத் தலையையும் மட்டும் கடன் வாங்கி வரைந்த சின்னத்தை அடுத்த வருடமே யாருக்கும் நினைவிருக்காது.

இவ்வளவு எளிதாக மனதுக்குள் நுழையும் ஒன்றை யார் கையில் கொடுக்கிறோம் என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது. 1960-ல் மாலை நேரத்தில் குடும்பத்தோடு பார்க்க வந்த ஃப்ளின்ட்ஸ்டோன்ஸ் என்ற அமெரிக்க கார்ட்டூன் தொடரின் தொடக்ககால விளம்பரதாரர்களில் ஒன்று ஒரு சிகரெட். அதன் நாயகர்களான ஃப்ரெடும் பார்னியும் புகைத்துக்காட்டும் விளம்பரங்கள் அதில் வந்தன. 1988-ல் அமெரிக்காவில் கேமல் சிகரெட்டுக்காக ஜோ கேமல் என்ற கறுப்புக்கண்ணாடி ஒட்டகம் வந்தது. 1991 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வு 3 முதல் 6 வயதுக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டது. சின்னங்களை அவற்றுக்குரிய பொருளோடு பொருத்தச் சொன்னார்கள். ஆறு வயதுக் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் ஒட்டகத்தைச் சிகரெட்டோடு பொருத்தினார்கள். மிக்கியைச் சரியாகப் பொருத்தியவர்களும் ஏறக்குறைய அதே அளவுதான். படிக்கத் தொடங்கும் வயதுப் பிள்ளைகள் அவர்கள். கண்டனமும் வழக்குகளும் குவிந்து 1997-ல் அந்த ஒட்டகத்தை விலக்கிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு புகையிலை நிறுவனங்களும் அமெரிக்க மாநிலங்களும் செய்துகொண்ட உடன்பாட்டில், புகையிலை விளம்பரத்தில் கார்ட்டூனே கூடாது என்று எழுதினார்கள்.

ஏறக்குறைய எட்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு விளம்பரத்தின் உள்நோக்கம் பிடிபடுவதில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2004-ல் அறிக்கை அளித்தது. பெரியவருக்குக் கார்ட்டூன் விளம்பரம் விளம்பரமாகவும் தெரியும், விளையாட்டாகவும் தெரியும். குழந்தைக்கு அது தன் நண்பன் சொன்ன சேதி. நண்பன் எதையும் விற்கமாட்டான் என்று அது முழுமனதோடு நம்புகிறது. சிலி நாடு 2016-ல், சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் கலோரியும் வரம்பு மீறிய உணவுப் பொட்டலங்களில் கறுப்பு எச்சரிக்கை முத்திரையைக் கட்டாயமாக்கியபோது, அந்தப் பொட்டலங்களிலிருந்து குழந்தைகளை ஈர்க்கும் கார்ட்டூன்களையும் எடுக்கச் சொன்னது. 1952-லிருந்து காலை உணவுப் பெட்டியில் நின்ற டோனி புலியும் அங்கே இறங்க வேண்டியதாயிற்று. பின்னர் மெக்சிகோவும் எச்சரிக்கை முத்திரை உள்ள பொட்டலங்களுக்கு இதே போன்ற விதியைக் கொண்டுவந்தது. நிறுவனங்கள் இதை எதிர்த்து வாதாடின, நீதிமன்றமும் போயின. ஒரு புலிப் படத்துக்காக அவ்வளவு தூரம் போராடியதிலிருந்தே, அது எத்தனை பெட்டி விற்றுக்கொடுத்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.